சய நாலும் சய மூன்றும்

செய்முறைக் கணிதச் சபையின் பெட்டி வந்த அன்று பாடசாலையில் பாடம் எதுவும் நடக்கவில்லை. பெட்டியை எப்படி வரவேற்க வேண்டும் என்று சபை முன்கூட்டியே அறிவித்திருந்தது. வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைக்க வேண்டும். பிள்ளைகள் இரு வரிசையில் கைகட்டி நிற்க வேண்டும். அதிபர் ஆழ்வாப்பிள்ளை வரவேற்புரை ஆற்ற, சபையின் இணைப்பதிகாரி சீவரத்தினம் பதிலுரை ஆற்றுவார். பெட்டியைத் திறப்பது பற்றி அறிவித்தலில் ஒன்றும் இல்லை.

"இவ்வளவு காலமும் எங்கடை பிள்ளையள் கணக்கைக் காதாலை படிச்சவை," என்றார் சீவரத்தினம். ஒரு கையை ஜீப்பில் ஊன்றிக்கொண்டு பேசினார். "இனிமேல் கையாலை படிப்பினம். தொட்டுப் பாத்து, தூக்கிப் பாத்து, செய்து பாத்துப் படிப்பினம். இந்த எழுபத்து நாலாம் ஆண்டின்ரை புரட்சி இதுதான். பிள்ளையளின்ரை கை பெட்டியிலை படாமல் பாத்துக்கொள்ளுறது அதிபரின்ரை பொறுப்பு."

எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகள் மட்டும் கட்டிய கையை அவிழ்க்கலாமா என்று தெரியாமல் அதிபரைப் பார்த்தார்கள்.

பாடசாலை சுன்னாகத்துக்கு மேற்கே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஏழாம் வகுப்பில் பதினொரு பேர், எல்லோரும் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் சைக்கிளில் ஏறி மருதனார்மடத்துப் பக்கம் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் காலையில் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு, வாய்க்காலிலேயே கால் கழுவி, வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வகுப்புக்கு வருவார்கள். மணி அடித்தால் அதே பொட்டுக்குள்ளால் திரும்பித் தோட்டத்துக்குப் போவார்கள்.

அவர்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தவள் அற்புதராணி. கொழும்புத்துறையிலிருந்து பஸ் மாறி வருகிற புதிய பட்டதாரி. பெரியவர்களுக்கு முன்னால் அவளுக்குக் குரல் வராது. கூட்டங்களில் கடைசி வாங்கில் இருப்பாள். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் மட்டும் குரல் தானாக வரும்.

பெட்டியோடு சபையின் சுற்றறிக்கை ஒன்றும் வந்திருந்தது. பதினைந்து பேருக்குக் குறைந்த ஏழாம் வகுப்புகள் எல்லாவற்றையும் சபை வந்து சோதிக்கும். பாடம், நிறைவெண்களின் கூட்டல். தேறினால் வகுப்பு இருக்கும். தேறாவிட்டால் வகுப்பு மருதனார்மடத்துக்கு மாற்றப்படும்.

வகுப்பை மாற்றினால் பிள்ளைகள் மாறமாட்டார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏழாம் வகுப்புக் குணலட்சுமியின் தாய் கமலாவதி அதை வேலிக்கு அங்காலே நின்றே சொன்னாள். வெங்காயத்தாளில் மண் தட்டிக்கொண்டு நின்றாள்.

"அங்கை விட ஏலாது, ரீச்சர். காலமை தண்ணி ஆர் மாறுறது? உவள் சந்தி தாண்டிப் போய் வரப் பின்னேரமாகிடும். இஞ்சை இருந்தால் படிக்கட்டும். இல்லையெண்டால் காணும்."

"நல்லாப் படிக்கிற பிள்ளை, அக்கா."

"ஓம். அதுக்கு நான் என்ன செய்ய? தண்ணியும் நல்லாத்தான் மாறுறாள்."

பெட்டியை அற்புதராணி அடுத்த நாள் திறந்தாள். உள்ளே மட்டையில் செய்த ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. நிலத்துக்கு மேலே பத்து மாடி. நிலத்துக்குக் கீழே, கார் நிறுத்துவதற்கு என்று வழிகாட்டி நூல் சொன்னது, நாலு மாடி. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மின்தூக்கி மேலும் கீழும் போக வேண்டும். நூல் வரும் வழியிலேயே அறுந்துவிட்டது. இன்னொரு மட்டையில் பனி மூடிய ஒரு நகரமும் பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வரைந்திருந்தன. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் தன் ஊரில் இருந்தபடியே இலங்கைப் பிள்ளைகளுக்காகத் தயாரித்தவை அவை.

கூட்டற் குறி சக, கழித்தற் குறி சய. நிலமட்டம் பூச்சியம். மேலே போனால் சக, கீழே போனால் சய. அற்புதராணி மின்தூக்கியை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னாள். பிள்ளைகள் அறிவித்தலின்படி கைகட்டி இருந்தார்கள்.

குணலட்சுமி எழுந்தாள். "ரீச்சர், நிலத்துக்குக் கீழை நாலு மாடியோ?"

"ஓம்."

"அப்பத் தண்ணி வந்திடுமே. எங்கடை கிணறே உவ்வளவு ஆழமில்லை."

"மெசின் வைச்சு இறைப்பினமாக்கும்," என்றாள் மீனாம்பிகை.

"இராப்பகலா இறைச்சால் கிணத்திலை உப்புத் தண்ணியெல்லோ வரும்?"

அதற்குப் பிறகு வகுப்பு முழுவதும் அந்தக் கட்டடத்துக்காரரின் கிணறு உவராகிப் போனதைப் பற்றியே கவலைப்பட்டது. பனி நகரத்துக்கு வந்தபோது, அவ்வளவு ஐஸ்பழமும் வீதியில் கிடந்தால் விற்கிறவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டார்கள். மணி அடித்தது. சய மூன்று என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, அற்புதராணி பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிவந்த மண், மழை பெய்து இளகியிருந்தது.

"கை அளவிலை ஒரு குழி கிண்டுங்கோ. எடுத்த மண்ணைக் கும்பியாக் குவியுங்கோ."

கிண்டினார்கள். அதற்கு அவர்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"கும்பி சக ஒண்டு. குழி சய ஒண்டு. இப்பக் கும்பியைக் குழிக்குள்ளை தள்ளுங்கோ. என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை, ரீச்சர். நிலம்."

"அதுதான் பூச்சியம்."

அஞ்சு கும்பியும் மூன்று குழியும் வைத்தார்கள். மூன்று கும்பி மூன்று குழிக்குள் போனது. இரண்டு கும்பி மிஞ்சியது. சக அஞ்சும் சய மூன்றும் சக இரண்டு. இரண்டு கும்பியும் ஆறு குழியும் வைத்தார்கள். நாலு குழி மிஞ்சியது. பிறகு நாலு குழி கிண்டி, பக்கத்தில் மூன்று குழி கிண்டினார்கள். தள்ளுவதற்குக் கும்பி இல்லை. குணலட்சுமி குந்தியிருந்தபடியே சுற்றிப் பார்த்தாள்.

"ஏழும் குழிதான், ரீச்சர். சய ஏழு."

"இந்தக் குழியெல்லாம் ஆர் மூடுறது?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

"சக ஏழு வந்து மூடும்," என்றாள் குணலட்சுமி. அற்புதராணி அன்று வீட்டுக்குப் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை சீவரத்தினம் பெட்டியைப் பார்வையிட வந்தார். பெட்டி அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அவருக்கு அதில் மிகுந்த திருப்தி. திரும்பும்போது முற்றத்தைக் கண்டார்.

"உதென்ன, பண்டி கிண்டின மாதிரி?"

"செய்முறை, சேர்," என்றாள் அற்புதராணி.

"என்ன? கேக்கேல்லை."

"செய்முறை, சேர். மண்ணிலை."

சீவரத்தினம் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். "அங்கீகரிக்கப்பட்ட பொருளுக்குள்ளை மண் இல்லை. இண்டைக்குப் பிள்ளையள் இந்தச் சிவப்பு மண்ணிலை படிக்குதுகள். நாளைக்கு மணல் பிரதேசத்திலை ஒரு கணக்குக் கேட்டால் என்ன செய்யுங்கள்? யோசிச்சீரோ?"

அற்புதராணி யோசித்திருக்கவில்லை.

"நான் முன்னேற்றத்துக்கு எதிரியில்லை," என்றார் அவர். "மண்ணின்ரை மாதிரியைச் சபைக்கு அனுப்பும். சபை பாத்து அங்கீகரிச்சால் அந்த மண்ணிலையே படிப்பியும். அதுவரைக்கும் குழியளை மூடும்."

அவள் ஒரு பொட்டலம் மண் அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. "தாங்கள் அனுப்பிய மண் கிடைக்கப்பெற்றோம். தங்கள் செய்முறையில் குறிப்பிடப்பட்ட குழி இத்துடன் இணைக்கப்பட்டிருக்கவில்லை. குழியின் மாதிரியையும் அனுப்பி ஒத்துழைக்கவும்."

அதிபர் ஆழ்வாப்பிள்ளை அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. சபையோடு அவருக்கு எந்த மனத்தாங்கலும் வேண்டியிருக்கவில்லை.

"பிள்ளை, ஒரு படமாவது கீறி அனுப்பும்."

அவள் ஒரு வட்டம் கீறி, உள்ளே நிழல் போட்டு அனுப்பினாள். வட்டம் எட்டாம் வகுப்புக் கேத்திர கணிதத்துக்கு உரியது என்பதால் அந்தக் கடிதம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது.

பிள்ளைகள் அதற்கிடையில் வேலிக்கு அங்காலே, தங்கள் தோட்டத்து வரம்புகளில் கிண்டிப் பழகிக்கொண்டார்கள். அந்த நிலத்தில் சபைக்கு அதிகாரம் இல்லை.

சோதனை நாளும் நிறைகுடத்தோடுதான் தொடங்கியது. சீவரத்தினமும் ஒரு எழுதுவினைஞரும் வந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து வாய்மொழியாகக் கேட்டார்கள். கை நிலத்தில் படக்கூடாது என்பதால் வாங்கில் இருத்தினார்கள். குணலட்சுமி மடியில் விரலால் கிண்டுவதை அற்புதராணி கண்டாள்.

"சக அஞ்சும் சய மூண்டும்?"

"சக ரெண்டு."

"சரி. சக ரெண்டும் சய ஆறும்?"

"சய நாலு."

"சரி. சய நாலும் சய மூண்டும்?"

"சய ஏழு."

"பிழை."

குணலட்சுமி மடியைப் பார்த்தாள். திரும்பவும் கிண்டினாள். "சய ஏழு, சேர்."

"பிழை எண்டு சொன்னேனே. அடுத்த பிள்ளை."

அடுத்த பிள்ளையும் சய ஏழு என்றது. அதற்கடுத்த பிள்ளையும். பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். சீவரத்தினம் பேனையை மூடினார்.

"பாத்தீரோ? ஒரு பிள்ளை பிழை விட்டால் அது பிழை. பதினொரு பேரும் ஒரே பிழையை விட்டால் அது படிப்பிச்சவவின்ரை பிழை." வழிகாட்டி நூலைத் திறந்து விரலை வைத்தார். "இஞ்சை வாசியும். ஒத்த குறிகள் இரண்டு சேர்ந்தால் சக. விடை சக ஏழு. அயல் பாடசாலையள் எல்லாம் இதைச் சொல்லிப் பாஸ் பண்ணிப்போட்டுதுகள்."

அற்புதராணி ஏதோ சொன்னாள்.

"என்ன?"

"அது பெருக்கலுக்கு உள்ள விதி, சேர். கூட்டலுக்கு இல்லை."

சீவரத்தினம் சற்று நேரம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பெருக்கல் எத்தினையாம் வகுப்பிலை?"

"எட்டாம் வகுப்பிலை, சேர்."

"இது எத்தினையாம் வகுப்பு?"

"ஏழாம் வகுப்பு."

"பிறகென்ன? இன்னும் தொடங்காத பாடத்திலை இருந்து நியாயம் கொண்டுவரக்கூடாது, பிள்ளை."

எழுதுவினைஞர் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு பாடசாலைக்கான புள்ளிகளைக் கூட்டினார்கள். முற்றத்தைச் சேதப்படுத்தியதற்குச் சய நாலு. மின்தூக்கியின் நூல் அறுந்ததற்குச் சய மூன்று.

"மொத்தம் சய ஏழு," என்றார் சீவரத்தினம்.

வாங்கில் இருந்த பதினொரு பேரும் தன்னைப் பார்ப்பது அற்புதராணிக்குத் தெரிந்தது.

"சேர், வழிகாட்டி நூலின்ரை விதிப்படி பாத்தால்... அது சக ஏழு. அப்பப் பாடசாலை பாஸ்."

எழுதுவினைஞர் எழுதிய இலக்கத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார். அதிபர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சீவரத்தினம் கோபப்படவில்லை. நிதானமாகவே சொன்னார். "பிள்ளையள் கூட்டுறது கணிதம். நாங்கள் கூட்டுறது நிர்வாகம். நிர்வாகத்திலை குறையும் குறையும் சேந்தால் கூடுதலாக் குறையும். அது உமக்குத் தெரியாதோ? விஞ்ஞானப் பட்டதாரி எல்லோ நீர்."

போகும்போது ஜீப்பில் ஏறிவிட்டு அதிபரை அழைத்தார். சபை இரக்கமற்றது அல்ல என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வருவார். ஒரு பிள்ளையைக் கேட்பார். அந்தப் பிள்ளை ஏழு என்று சொன்னால் போதும், வகுப்பு இருக்கும்.

கமலாவதி இரண்டு நாள் கழித்து வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தாள். முதல் தடவையாகப் பாடசாலைக்குள் வந்தாள். வாங்கில் இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை.

"ஏழு எண்டு சொன்னால் வகுப்பு இருக்குமாம். மெய்யோ, ரீச்சர்?"

"ஓம்."

"அப்பச் சொல்லட்டுமே. ஒரு சொல்லிலை என்ன குறைஞ்சு போகும்?"

"அது பிழை, அக்கா."

"பிழைதான். எங்களுக்கு எத்தினை பேர் எத்தினை பிழையைச் சொல்லுகினம். நாங்கள் ஓம் ஐயா எண்டு கேட்டுக்கொண்டு போறேல்லையோ? அவளைச் சொல்லச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கிறாளில்லை. ரீச்சர் சொன்னால் கேப்பாள்."

அற்புதராணி அன்று பின்னேரம் குணலட்சுமியைக் கூப்பிட்டாள். அதிகாரி கேட்டால் ஏழு என்று சொல்லு என்றாள். ஏன் என்று அவள் கேட்டாள். வகுப்புக்காக என்றாள். பெண் தலையாட்டினாள். மற்றப் பத்துப் பேரிடமும் அற்புதராணி அதையே சொன்னாள். சொல்லும்போது கரும்பலகைக்கு முன்னால் நின்றிருந்தும் அவளுக்குக் குரல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சீவரத்தினம் நல்ல மனநிலையில் வந்தார். பனங்கட்டியோடு தேநீர் குடித்தார். வரிசையில் பார்வையை ஓட்டிவிட்டுக் குணலட்சுமியைக் கூப்பிட்டார்.

"பயப்பிடாதையும். சய நாலும் சய மூண்டும்?"

குணலட்சுமியின் விரல்கள் பாவாடையில் கிண்டின.

"சொல்லு, பிள்ளை," என்றார் அதிபர்.

"ரீச்சர் ஏழு எண்டு சொல்லச் சொன்னவ, சேர்."

"ஆ. பிறகு?"

"ஆனா அது சய ஏழு. நான் ஏழு எண்டு சொன்னால், பிறகு சக நாலையும் சக மூண்டையும் என்னெண்டு சொல்லுறது?"

சீவரத்தினம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான அதிர்ச்சி தெரிந்தது. விடை பிழைத்ததற்காக அல்ல.

"விடையை முதலே வெளியிட்டுப்போட்டீரோ?"

ஏழாம் வகுப்பு மூடப்பட்டது. அறிக்கையில் இரண்டு காரணங்கள் இருந்தன. மாணவர் சரியான விடையை அறிந்திருக்கவில்லை. ஆசிரியை சரியான விடையை முன்கூட்டியே மாணவருக்கு அறிவித்திருந்தார்.

அற்புதராணி விடுப்புப் போட்டுவிட்டு யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்த சபை அலுவலகத்துக்குப் போனாள். அதற்கு முன் அவள் எந்த அலுவலகத்திலும் முறைப்பாடு செய்தவள் அல்ல. வாசலில் இருந்தவர், முறைப்பாடு கூட்டல் பற்றியதா கழித்தல் பற்றியதா என்று கேட்டார். கூட்டல் என்றாள். கூட்டலுக்குச் செவ்வாய்க்கிழமை வர வேண்டும் என்றார். அவள் செவ்வாய்க்கிழமை வந்தாள். உப தலைவர் அவளை உள்ளே அழைத்தார். நல்ல மனிதர். கதிரையில் இருக்கச் சொன்னார். அவள் ஒரு வெள்ளைத் தாளில் எண் கோடு கீறி, பூச்சியத்திலிருந்து இடது பக்கமாக நாலு அடி, பிறகு மூன்று அடி வைத்துக் காட்டினாள். அவர் கவனமாகப் பார்த்தார்.

"நீர் சொல்லுறது சரி," என்றார்.

அவளால் நம்ப முடியவில்லை.

"எனக்கு முதலே தெரியும். நான் உதைக் கொழும்புக்கு எழுதிப்போட்டன். கொழும்பு நிபுணருக்கு எழுதியிருக்கு. நிபுணர் விடுமுறையிலையாம். அங்கை இப்ப மாரி. பனி." சுவரில் மாட்டியிருந்த பனி நகரத்தின் படத்தைக் காட்டினார். "பதில் வரும்வரைக்கும் ஏழுதான்."

"பிழையெண்டு தெரிஞ்சும் ஏன், சேர்?"

"பிள்ளை, யோசிச்சுப் பாரும். ஒரு ஊரிலை சரியும் இன்னொரு ஊரிலை பிழையும் எண்டால் நாடு என்னாகும்? பிழை எண்டாலும் எல்லாருக்கும் ஒரே பிழையா இருக்கவேணும். அதுதான் சமத்துவம். சபையை உண்டாக்கினதே அதுக்குத்தான்."

"அப்ப என்ரை பிள்ளையள்?"

உப தலைவர் கோப்பைப் புரட்டினார். பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு தாளும் இல்லை. "வகுப்பைத்தான் மூடினது. திருத்தம் வந்தால் வகுப்பைத் திறப்பம். வகுப்பு எங்கையும் ஓடிப்போகாது."

திருத்தம் அடுத்த ஆண்டு வந்தது. "இரண்டு மறை (சய) எண்களின் கூட்டுத்தொகை எதிர்வரும் தை மாதம் முதலாம் திகதியிலிருந்து மறை எண்ணாக இருக்கும் என இத்தால் சகலருக்கும் அறியத்தரப்படுகிறது. அத்திகதிக்கு முன்னர் பெறப்பட்ட விடைகள் பழைய முறையிலேயே கணிக்கப்படும்."

மாசி மாதத்தில் ஏழாம் வகுப்பைத் திரும்பத் திறக்கும் விழா நடந்தது. சபையின் தலைவரே வந்தார். மாலை போட ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளை எடுத்தார்கள். ஆழ்வாப்பிள்ளை ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. வரவேற்புரையில் அவர் ஒரு சொல்லும் தவறவிடவில்லை.

சீவரத்தினம் பேசினார். "சய நாலும் சய மூண்டும் சய ஏழு. இதை இண்டைக்கு ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் இந்த நிலைக்கு நாங்கள் லேசிலை வரேல்லை. எத்தினை கடிதம், எத்தினை கூட்டம். இந்தப் பிரதேசத்திலை இந்த விடையை முதன் முதல் அறிமுகப்படுத்தினது எங்கடை சபை எண்டு பெருமையாச் சொல்லுவன்."

தலைவர் நாடாவை வெட்டினார். எல்லோரும் வகுப்புக்குள் போனார்கள். பதினொரு வாங்கும் மேசையும் வெள்ளை அடித்த சுவரும் இருந்தன. பெட்டி மேசையில் பூமாலையோடு இருந்தது. மின்தூக்கிக்குப் புதிய நூல் கட்டியிருந்தார்கள்.

"பிள்ளையள் எங்கை?" என்று தலைவர் கேட்டார்.

அதிபர் அற்புதராணியைப் பார்த்தார். சீவரத்தினமும் பார்த்தார். புகைப்படக்காரர் வெறும் வாங்குகளுக்கு முன்னால் கமெராவை வைத்துக்கொண்டு நின்றார்.

"இடாப்பைக் கூப்பிடும், பிள்ளை," என்றார் சீவரத்தினம் அவசரமாக. வகுப்பு மூடப்பட்டபோது இருந்தவாறே திறக்கப்படுகிறது என்பதால், புதிய வரவு இடாப்பில் பழைய பெயர்களைச் சபையே எழுதி அனுப்பியிருந்தது.

அற்புதராணி இடாப்பை விரித்தாள். பெரியவர்கள் நிறைந்திருந்த அறை. ஆனால் கரும்பலகை அவளுக்குப் பின்னால் இருந்தது.

"குணலட்சுமி," என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அறையில் எல்லோரும் அவளோடு காத்திருக்க வேண்டியதாயிற்று. "வரேல்லை. கொழும்பிலை ஒரு வீட்டிலை குழந்தை பாக்கிறாள்."

"கொழும்பிலையோ?" என்றார் தலைவர். "அது முன்னேற்றம்தானே."

"மீனாம்பிகை. வரேல்லை. கூலிக்கு மிளகாய் பிடுங்கப் போறாள்."

"சுருக்கமாச் சொல்லும்," என்றார் சீவரத்தினம்.

"நாகேஸ்வரி." அவள் காத்திருந்தாள். "வரேல்லை. தாய்க்கு ஏலாது. சமைக்கிறாள்."

பதினொரு பெயரையும் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் காத்திருந்தாள். ஆறாவது பெயருக்குத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாவது பெயருக்குப் புகைப்படக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"உதெல்லாம் பிறகு பாப்பம்," என்றார் சீவரத்தினம். "இண்டைக்குத் திறப்பு விழா. எல்லாருக்கும் வரவு போட்டு விடும். புள்ளிவிபரம் கொழும்புக்குப் போகவேணும்."

"வரேல்லை, சேர்."

"என்ன?"

அவர் வழக்கம்போலக் காதைச் சரித்தார். இந்தத் தடவை அதற்குத் தேவை இருக்கவில்லை.

"ஒருத்தரும் வரேல்லை எண்டு சொன்னன். நான் வரவு போடமாட்டன்."

வெளியே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் கைகட்டி நின்றார்கள். தலைவர் மாலையைக் கழற்றி எழுதுவினைஞரிடம் கொடுத்தார்.

"சரி, வராதவைக்கு வரவு போடவேண்டாம்," என்றார் பெருந்தன்மையாக. "ஆனால் காரண நிரலை வெறுமையா விடாதையும். வெறுமையா விட்டால் கொழும்பிலை திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அற்புதராணி பேனையை எடுத்தாள். குணலட்சுமியின் பெயருக்கு நேரே, காரணம் என்ற நிரலில், "சரியான விடை சொன்னமை" என்று எழுதினாள்.

சீவரத்தினம் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிமிரவில்லை. மீனாம்பிகையின் பெயருக்கு நேரே மேற்படி என்று எழுதினாள். நாகேஸ்வரிக்கு மேற்படி. கோடு போட்டு இழுக்காமல், புள்ளி வைத்து விடாமல், ஒவ்வொரு பெயருக்கும் அந்தச் சொல்லை முழுதாக எழுதிக்கொண்டு போனாள். அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இன்னும் எட்டுப் பெயர் இருந்தது.